யானைத்தலை மலையும் கும்பீரத் தெய்வமும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)





யப்பான் நாட்டிற்குச் சென்று மீண்ட மாணவர் எவரிடத்தும் அந்நாட்டுப் புகையிரதங்களின் வேகத்தையும் தொழிற்சாலைகளின் சிறப்பையும் பற்றியே கேட்பது வழக்கம். எங்கள் காரியதரிசி அவர்களும் அவ்வாறே கேட்டார்கள். அவற்றைப் பற்றிச் சொல்லப் பலர் உளர். ஆதலால் நாங்கள் இன்று ஒரு கோயிலைப் பற்றியே பேச விரும்புகின்றோம். சிக்கோக்கு என்னும் தீவிலே, ககாவா மாகாணத்திலே, கொத்தோகிரா என்னும் சிற்றூரில் ஒரு மலை இருக்கின்றது. அம்மலையின் பெயர் சோசு மலை. பொருள், யானைத்தலை மலை. தூரத்திலிருந்து நோக்குவார்க்கு அது யானையொன்று தலை தாழ்த்தி நிற்பது போலத் தோன்றும் என்பர். அம்மலையின் மேல் எழுந்தருளியிருக்கும் தெய்வத்தைச் சனங்கள் 'கொம்பிரா சான்' என்று அன்போடு அழைக்கின்றனர். இந்தப் பெயரின் வரலாறுதான் எங்கள் பேச்சின் உயிர். அதனைப் பின்னர்ச் சொல்லுவோம்.

அது சிந்தோ சமயத்துக்குரிய கோயில். சிந்தோ என்றால் தேவர்களின் வழி என்று பொருள். எங்களிற் பெரும்பாலோர் மிஷன் பாடசாலைகளிற் படித்தவர்கள். அங்கே சமயம் என்ற சொல்லைக் கேட்டவுடன் மூன்று வினாக்களை எழுப்பும்படி பழக்கப்பட்டோம்: தாபித்தவர் யார்? வேதநூல் எது? விசுவாசப் பிரமாணம் யாது? இம்மூன்று வினாக்களோடும் சிந்தோவை அணுகினால் மூன்றுக்கும் விடை கிடையாது. தாபித்தவர் என ஒருவரும் இலர். 712 ஆம் ஆண்டில் எழுந்த கொஜிக்கியும் 720 ஆம் ஆண்டில் எழுந்த நிகொன் சொக்கியும் தேவர்களின் பழங்கதைகளையும் அரசமரபையும் கூறும் நூல்களேயன்றி, வேதம் எனக் கொள்ளப்படுவன அல்ல. விசுவாசப் பிரமாணம் ஒன்றும் ஓதப்படுவதில்லை. மலையிலும், முதுமரத்திலும், நீர்வீழ்ச்சியிலும், கடலிலும், பெரியோர் ஆவியிலும் 'கமி' என்னும் தெய்வத்தன்மை உறைகின்றது என்பதும், அதன் முன் தூய்மையோடு நிற்க வேண்டும் என்பதுமே அவர்கள் கொள்கை. சைவ சித்தாந்தமென்னும் பெருங்கடலையுடைய எங்களுக்கு இது மிக எளியதாகத் தோன்றலாம். எனினும், அரசடியிலும் குளக்கட்டிலும் சூலத்தை நட்டுக் கற்பூரம் கொளுத்தும் எங்கள் கிராமத்துப் பாட்டிமாருக்கு அது புதியதாய் இருக்கமாட்டாது.

நாங்கள் அறுவர், எங்களுடன் படிக்கும் யப்பானிய மாணவி ஒருவரை வழிகாட்டியாகக் கொண்டு, ஒகயமா என்னும் நகரிலிருந்து புகையிரதம் ஏறினோம். வழியிலே சேட்டோ உட்கடலைக் கடக்கும் பெரும்பாலம் இருக்கின்றது. 1988 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அப்பாலத்தில் மேல்தட்டில் மோட்டார் வண்டிகளும் கீழ்த்தட்டிற் புகையிரதங்களும் ஓடுகின்றன. கடலிற் சிறு சிறு தீவுகள் பல. அத்தீவுகளுக்கிடையே நீரோட்டம் கடுமையானது; மூடுபனியும் உண்டு. பாலம் வருமுன் எத்தனை தலைமுறை மாலுமிகள் அஞ்சி அஞ்சிக் கடந்த நீர்வழி அது என்பதை மேலிருந்து பார்த்தபோதே உணர்ந்தோம்.

கடலைக் கடந்ததும் சனுக்கிச் சமவெளி. மழை குறைந்த பூமி. ஆறுகள் சிறியவை. ஆகவே அந்நாட்டார் குளங்கட்டி வாழ்ந்தவர்கள். கொத்தோகிராவுக்கு அண்மையில் மன்னோக் குளம் என்று ஒன்றுண்டு. உடைந்து கிடந்த அதனைக் கூக்காய் என்னும் பௌத்தத் துறவி 821 ஆம் ஆண்டில் திருத்திக் கட்டுவித்தார். அவர் அம்மாகாணத்திலே பிறந்தவர். சீனம் சென்று மந்திர மார்க்கத்தைக் கற்றுவந்த பேரறிஞர். துறவி ஒருவர் குளங்கட்டியதை இன்றும் அவ்வூரார் பெருமையோடு சொல்லுகின்றனர். வன்னிக் குளங்களை அறிந்த எங்களுக்கு அவ்வூர் அந்நிய ஊராகத் தோன்றவில்லை. அங்கே கோதுமை செழிப்பாய் விளையும். அதனால் 'உடொன்' என்னும் தடித்த கோதுமை நூலுணவு அவ்வூரின் பெயரோடு சேர்த்தே சொல்லப்படுகின்றது. சாற்றில் மீன் சேர்ப்பர். எங்களுள் மரக்கறி உண்போர் இருவர்; அவர்கள் வெறும் உடொனில் இஞ்சியும் வெங்காயத்தாளும் சோயாச் சாறும் இட்டு உண்டு, பசிக்கு அது தேவாமிர்தமாய் இருந்தது என்றார்கள்.

இனிப் படிகளைப் பற்றிச் சொல்வோம். மலையடியிலிருந்து மூலக்கோயில் வரைக்கும் 785 கருங்கற் படிகள். அதற்கும் மேலே உட்கோயிலுக்குச் செல்ல விரும்புவோர் மொத்தமாக 1,368 படிகள் ஏற வேண்டும். 785 என்ற தொகையில் ஒரு சுவையான செய்தியுண்டு. உண்மையில் ஏறும் படிகள் 786. ஆனால் யப்பானிய மொழியில் 7, 8, 6 என்னும் எண்களின் ஒலியைச் சேர்த்தால் 'ந-ய-மு' என்றாகும். அதற்குக் கவலைப்படுதல் என்று பொருள். தெய்வத்தை நாடி வருபவன் கவலையிற் போய் முடியலாமா? ஆதலால் இடையிலே ஓரிடத்தில் ஒரு படியைக் கீழ்நோக்கி இறங்கும்படி வைத்து, தொகையை 785 ஆக்கினர் என்பது ஊர்வழக்கு. நாங்கள் எண்ணிக்கொண்டே ஏறினோம். அந்த ஒற்றைப் படியில் இறங்கியபோது எங்கள் வழிகாட்டி கைகொட்டிச் சிரித்து, "இனி உங்களுக்குக் கவலை இல்லை" என்றார்.

கீழ்ப்படிகளின் இருமருங்கும் கடைகள். வயோதிபரைக் கண்டவுடன் கடைக்காரர் மூங்கிற்றடி ஒன்றை நீட்டுகின்றனர். இறங்கிவரும்போது அதனைத் திரும்பக் கொடுத்து, கடையில் ஏதாவது வாங்கிச் செல்லுதல் மரியாதை. 365 ஆம் படியிலே பெருவாயில். அவ்வாயிலுக்கு உள்ளே வியாபாரம் கூடாது. ஆனால் ஐந்து குடும்பத்தாருக்கு மட்டும் அவ்வுரிமை பரம்பரையாக உண்டு. அவர்களை 'ஐந்து குடியானவர்' என்று பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். முன்னோர் கோயிலுக்குச் செய்த தொண்டின் பயனாகக் கிடைத்த உரிமை அது. பெரிய வெண்குடைகளை விரித்து, அவற்றின் கீழிருந்து, விசிறி வடிவான பொன்னிற வெல்லக்கட்டியை விற்கின்றனர். அதனோடு ஒரு சின்னஞ்சிறு சுத்தியலும் தருகின்றனர். கட்டியை உடைத்து உடன் வந்தவர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பதற்கு. தனியே உண்பதற்கன்று, பகிர்வதற்கென்றே செய்யப்பட்ட பண்டம் அது. எங்கள் நாட்டிலும் கோயில் வீதிக் கச்சான் கடைகளில் வாங்கிய கச்சானை எவரும் தனியே தின்று முடிப்பதில்லையன்றோ?

மேலே செல்லச் செல்லக் குதிரை லாயம் ஒன்று தென்படும். தெய்வத்துக்கு அர்ப்பணித்த குதிரை அங்கே நிற்கும். அதன் அருகில் ஏறத்தாழ 6 மீற்றர் அகலமுள்ள கப்பற் சுழலி ஒன்று நிமிர்ந்து நிற்கின்றது. கப்பல் கட்டும் தொழிலகம் ஒன்றின் காணிக்கை அது. 628 ஆம் படியில் அசாகி மண்டபம். இருதட்டுக் கூரையும் நுண்ணிய மரச்செதுக்கு வேலையும் உடையது. ஏறத்தாழ 40 வருடம் வேலை செய்து 1837 ஆம் ஆண்டில் முடித்தனர். இதன் அழகைக் கண்டு, இதுவே மூலக்கோயில் என்று எண்ணி வணங்கிவிட்டுத் திரும்பிப் போன வீரனொருவனைப் பற்றி அந்நாட்டிற் கதையுண்டு. அவன் தன் தலைவனுக்காக நேர்த்தி செலுத்த வந்தவனாம்!

மூலக்கோயிலை அடைந்தோம். முதலிற் கை கழுவுதல்: இடக்கை, பின் வலக்கை, பின் வாய். சந்நிதியில் விக்கிரகம் காணப்படுவதில்லை. கதவுகளுக்கு அப்பால் உள்ளது திருவுருவன்று, தெய்வம் தங்கும் அடையாளப்பொருளே. இருமுறை குனிந்து வணங்கி, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை குனிதல் அவர்கள் முறை.

இங்கேதான் எங்களுக்குள் ஒரு விவாதம் எழுந்தது. "சைவராகிய நாங்கள் இவ்விடத்தில் வணங்கலாமா? வேடிக்கை பார்க்க வந்த நாங்கள் கைதட்டுவது போலிச் செயலாகாதா?" என்று எங்களுள் ஒருவர் கேட்டார். "எந்நாட்டவர்க்கும் இறைவன் ஒருவனே, வணங்கினால் என்ன குறை?" என்றார் மற்றொருவர். "அப்படிச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் ஒன்றென்று கலப்பது எளிது; அவர்கள் கமி என்பது எங்கள் பதியன்று" என்றார் முதலாமவர். இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. வழிகாட்டியிடம் கேட்டோம். அவர் சற்று யோசித்து, "எங்கள் வீட்டில் கமிக்கு ஒரு தட்டும், புத்தருக்கு ஒரு பீடமும் இருக்கின்றன. அம்மம்மா காலையில் இரண்டுக்கும் சோறு வைப்பார். எந்தச் சமயம் என்று எங்களை ஒருவரும் கேட்டதில்லை. மனமில்லாமற் கைதட்ட வேண்டாம். சும்மா நின்றாலும் மரியாதைதான்" என்றார். அதன்பின் சிலர் அவர்கள் முறைப்படி வணங்கினர். சிலர் எங்கள் முறைப்படி கைகூப்பினர். ஒருவர் தலைகுனிந்து மௌனமாக நின்றார். அவ்வழியாய் வந்த அர்ச்சகர் எங்கள் அறுவருக்கும் ஒரேவிதமாகக் குனிந்து வணக்கம் செய்து சென்றார். விவாதம் அவ்விடத்தில் முடிவுறவில்லை, இன்றும் தொடர்கின்றது. தொடர்வதே நல்லது என்று கருதுகின்றோம்.

சந்நிதிக்கு அருகே நேர்த்திப் படங்களின் மண்டபம் ஒன்றுண்டு. எங்கு பார்த்தாலும் கப்பல்கள்: பாய்க்கப்பற் சித்திரங்கள், எண்ணெய்க் கப்பல்களின் ஒளிப்படங்கள், மீன்பிடி வள்ளங்கள். 1996 ஆம் ஆண்டில் ஒரு கடலோடி சூரிய ஒளியால் ஓடும் சிறு படகிலே தன்னந்தனியே பசிபிக் சமுத்திரத்தைக் கடந்தார். அந்தப் படகே அங்கு காணிக்கையாக இருக்கின்றது. 1990 ஆம் ஆண்டில் விண்வெளிக்குச் சென்ற முதல் யப்பானியரின் படமும் உண்டு. கடலுக்குக் காவலான தெய்வம் விண்கடலுக்கும் காவலாயிற்று! பழைய நம்பிக்கை புதிய தொழிலைக் கண்டு ஓடி ஒளிக்கவில்லை. அதற்கும் இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கின்றது.

இக்கோயிலின் மரபுகளில் எங்கள் உள்ளத்தை மிகக் கவர்ந்தவை இரண்டு. இரண்டும் வரமுடியாதவர்களைப் பற்றியவை.

முதலாவது, மிதவைப் பீப்பா. உட்கடல் வழியாகச் செல்லும் கப்பல் நின்று மாலுமிகள் மலையேற நேரம் இராது. ஆதலால் அவர்கள் சிறிய மரப்பீப்பாவில் காணிக்கைப் பணத்தை இட்டு, கோயிலின் பெயர் எழுதிய கொடியை அதில் நட்டு, மலையை நோக்கிக் கும்பிட்டுக் கடலில் விடுவர். அதைக் கண்டெடுக்கும் மீனவர் எவராயினும் தம் காலால் நடந்து, படிகளேறி, கோயிலிற் சேர்ப்பிப்பர். பணமுள்ள பீப்பா. பார்ப்பவர் ஒருவரும் இல்லாத கடல். எடுத்துக்கொண்டால் யார் அறிவார்? ஆனால் அதனைச் சேர்ப்பித்தவருக்கும் அனுப்பியவருக்கும் ஒரே புண்ணியம் என்பது நம்பிக்கை. இவ்வழக்கம் இன்றும் முற்றாக அற்றுப்போகவில்லை.

இரண்டாவது, கொம்பிரா நாய். எடோ காலத்தில், அதாவது 1603 முதல் 1868 வரை, சாதாரண சனங்கள் ஊர்விட்டு ஊர் செல்வதற்குக் கட்டுப்பாடுகள் பல இருந்தன. கோயில் யாத்திரைக்கு அனுமதி கிடைக்கும். ஆயினும் நோயாளரும் முதியவரும் பல நூறு மைல் நடப்பது எங்ஙனம்? அயலவர் ஒருவரைத் தம் சார்பில் அனுப்புவர். அதற்கும் வழியில்லாதவர் தம் வளர்ப்பு நாயை அனுப்பினராம்! அதன் கழுத்திலே ஒரு பை. பையினுள் எசமானின் பெயர், காணிக்கைப் பணம், நாயின் உணவுக்கான பணம். வழியிலே செல்லும் யாத்திரிகர் அந்நாயைக் கண்டால், உணவளித்து, இராத்தங்க இடங்கொடுத்து, அடுத்து வருவோரிடம் ஒப்படைப்பர். இவ்வண்ணம் கைமாறிக் கைமாறி நாய் மலைக்கு வந்து, கோயிற் சீட்டுடன் வீடு திரும்பும். அந்நாய்க்குப் படிவழியிலே சிலையும் வைத்திருக்கின்றனர். சிறுபிள்ளைகள் அதன் தலையைத் தடவிச் செல்கின்றனர். எங்களுக்கோ அச்சிலை நாயின் பெருமையை மட்டும் சொல்லவில்லை; முன்பின் அறியாத ஒருவனுடைய நேர்த்திக்காக அந்த நாய்க்குச் சோறிட்ட ஆயிரம் பேரின் பெருமையையும் சொல்லிற்று.

நிற்க. இனிப் பெயரின் வரலாற்றுக்கு வருவோம். கொம்பிரா என்ற சொல் யப்பானியச் சொல்லன்று. வடமொழியிற் கும்பீரம் என்றால் முதலை; எங்கள் தமிழ் நிகண்டு கற்றோரும் அச்சொல்லை அறிவர். கங்கை நதியின் முதலை தெய்வமாகி, பௌத்த சமயத்திற் காவற்றெய்வமாகி, சீனம் சென்று, கடல் கடந்து யப்பான் சேர்ந்து, நீருக்கும் மாலுமிகளுக்கும் காவலாகிய கொம்பிரா ஆயிற்று. யானைத்தலை மலை என்னும் பெயரும் கயையிலுள்ள மலையொன்றுக்குச் சீன பௌத்த நூல்கள் இட்ட பெயரே. இவ்வளவு தூரம் வந்து எங்கள் பாட்டன் வீட்டுச் சொற்களைச் சந்தித்தோம். அடுத்த நாட் காலையிலும் அவ்வாறே நேர்ந்தது. ஊரிலே 1835 ஆம் ஆண்டிற் கட்டிய கபுக்கி நாடகசாலை இருக்கின்றது. நாட்டில் எஞ்சியுள்ள கபுக்கி நாடகசாலைகளில் அதுவே மிகப் பழையது. யாத்திரிகர் கோயிலும் கும்பிட்டு நாடகமும் பார்த்துச் செல்வர். பாழடையும் நிலையிலிருந்த அதனை மலைச்சரிவுக்கு மாற்றி 1976 இற் புதுக்கி, 1985 முதல் வசந்த காலத்தில் நாடகம் ஆடுகின்றனர். கொள்ளைநோயால் 2020 இல் நின்ற ஆட்டம் 2024 இல் மீண்டும் தொடங்கிற்று. மேடைக்குக் கீழே இருட்டறை ஒன்றுண்டு. அங்கே ஆட்கள் நின்று தோள்கொடுத்துத் தள்ள, மேலே மேடை சுழலும். அந்த இருட்டறைக்கு அவர்கள் இட்ட பெயர் 'நராக்கு'. எங்கள் நரகமே அது! குனிந்து நரகத்துட் சென்று, வளையைத் தள்ளிப் பார்த்து, சிரித்துக்கொண்டு மேலேறினோம்.

இத்தகைய பழம்பெயரை ஒருநாள் அரசாங்கம் நீக்க முற்பட்டது. 1868 ஆம் ஆண்டில் மெய்ஜி அரசு, தேவர்களையும் புத்தரையும் வேறாகப் பிரிக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. அதுவரை ஆயிரம் வருடத்துக்கு மேலாக இரண்டும் ஒரே முற்றத்தில் இருந்து வந்தன. கொம்பிரா மலையும் அவ்வாறே. பௌத்தத் துறவிகளே அதனை நிர்வகித்தனர். கட்டளை வந்ததும் கொம்பிரா என்னும் பெயர் நீங்கிக் கொத்தோகிரா என்னும் பெயர் வந்தது. ஓமொனொநுசி என்னும் பழைய யப்பானியத் தேவரும், 1156 ஆம் ஆண்டில் அம்மாகாணத்துக்கு நாடுகடத்தப்பட்டு அங்கேயே இறந்த சுத்தோக்குச் சக்கரவர்த்தியும் கோயிலின் தெய்வங்கள் எனப்பட்டனர். புத்தர் படிமங்கள் அகற்றப்பட்டன. அசாகி மண்டபமும் முன்னே பௌத்த மண்டபமாய் இருந்ததே. பதினொரு முகமுடைய கன்னொன் மரச்சிலை ஒன்று மட்டும் கோயிலின் திருப்பொருட்சாலையிலே இன்று காட்சிப்பொருளாய் நிற்கின்றது. எல்லாரும் அதனைப் பார்க்கின்றனர். அதற்குத் தீபம் காட்டுவார் இல்லை. அதன் முன் நாங்கள் நின்ற நேரமே இப்பிரயாணத்தில் எங்கள் மனம் கனத்த நேரம்.

அரசு கோயிலை ஆளத் தொடங்கினால் அங்கேயே நின்றுவிடுவதில்லை. கோயில்கள் தரவரிசையில் இடப்பட்டன. அர்ச்சகர் அரச உத்தியோகத்தர் போலாயினர். தேவர்களின் வழி, சக்கரவர்த்தியின் படைகளுக்குத் துணை நிற்கும் வழியாகத் திரிக்கப்பட்டது. அதன் முடிவு 1945. அவ்வாண்டு மார்கழி மாதத்தில், நேச நாடுகளின் ஆணைப்படி, கோயில்களுக்கும் அரசுக்கும் இருந்த தொடர்பு அறுக்கப்பட்டது. பின்னர்க் கோயில்கள் சேர்ந்து அமைத்த சம்மேளனத்தில் இக்கோயிலும் இருந்தது; 2020 ஆம் ஆண்டில் அதினின்றும் விலகித் தனித்து நிற்கின்றது.

இத்தனை மாற்றத்துக்கும் இடையே சனங்கள் செய்தது என்ன? ஒன்றுமில்லை. முன்போலவே 'கொம்பிரா சான்' என்றனர். கடைகளிலும், இனிப்புப் பொட்டலத்திலும், புகையிரத நிலையத்து விளம்பரத்திலும், தாலாட்டும் தாய்மார் வாயிலும் அப்பெயரே. கட்டளையிட்டவர்கள் பலகையை மாற்றினர். வாயை மாற்ற அவர்களால் இயலவில்லை. அன்றியும், 1,368 படிகளையும் ஏறி உட்கோயிலை அடைந்தபோது மற்றொரு செய்தி அறிந்தோம். அங்கே சிந்தோ முறைப்படி வணங்கப்படும் தெய்வம் யார்? 1613 ஆம் ஆண்டில் இறந்த யூசெய் என்னும் பௌத்தத் துறவி. இம்மலையை என்றும் காப்பேன் என்று சபதஞ்செய்து, நீண்ட மூக்கும் சிறகுமுடைய மலைப்பூதமாகிய 'தெங்கு' ஆனார் என்று சொல்லுகின்றனர். அருகேயுள்ள செங்குத்துப் பாறையில் தெங்கு முகங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. பிரிக்கச் சொன்னவர்களின் கைக்கு எட்டாத உச்சியிலே, துறவியும் தேவரும் ஒருவராகவே இருந்துவிட்டனர்.

நாங்கள் சென்றது ஒக்ரோபர் மாதம் 10 ஆம் திகதி. அது மகோற்சவ நாள். இரவானதும் தெய்வம் பல்லக்கில் எழுந்தருளி, அத்தனை படிகளாலும் இறங்கி, ஊருக்குள் வருகின்றது. விளக்குகளும் தீப்பந்தங்களும் முன்செல்ல, வெள்ளுடை அணிந்தோர் காவிவர, தெரிவுசெய்யப்பட்ட சிறுவர் குதிரையிற் செல்ல, ஊரார் வீதியோரத்தில் அமைதியாக நிற்கின்றனர். பறையுமில்லை, வெடியுமில்லை. பல்லக்கைத் தூக்கியோரின் காலடி ஓசை கேட்கும் அமைதி. எங்கள் அருகில் நின்ற முதியவர் ஒருவர், தாம் இளமையிற் பல்லக்குச் சுமந்ததாகவும், இப்பொழுது ஊரில் இளைஞர் தொகை குறைந்து விட்டதாகவும் சொன்னார். பெருவாயில் வரை முதியோரைத் தூக்கிச் சென்ற டோலிகள் முன்பு இருந்தன; சுமப்பவர்களும் முதியவர்களாகிவிட, அத்தொழிலும் நின்றுவிட்டது என்றார். கட்டளையால் அழிக்கமுடியாத மரபும் தோள் கொடுக்க ஆளில்லாவிடின் அழியும் என்பதை அவர் சொல்லாமற் சொன்னார்.

பெரியோர்களே! பிறர் கோயிலின் கதையை இவ்வளவு நேரம் சொல்லியதன் நோக்கத்தைச் சுருக்கமாகக் கூறி அமைகின்றோம்.

பெயர் மாற்றம் யப்பானுக்கு மட்டும் உரியதன்று. எங்கள் ஊர்களிலும் அண்ணமார் என்றும் நாச்சிமார் என்றும் வழங்கிய கோயில்களிற் சில, ஆகம முறைக்கு மாறியபோது வேறு பெயர் பெற்றமையை இங்குள்ள முதியோர் அறிவீர்கள். அங்கே கட்டளை செய்ததை இங்கே மரியாதை மீதுள்ள ஆசை செய்தது. அம்மாற்றம் சரியா பிழையா என்று தீர்ப்புக் கூறும் வயது எங்களுக்கு இல்லை. ஆனால் பழம்பெயரையும், அதற்குரிய பொங்கல் முறையையும், அக்கதையையும் அறிந்தவர்கள் இன்று எண்பது வயதைத் தாண்டியவர்கள். அவர்கள் வாயிலிருக்கும்வரை அவை உயிரோடிருக்கும். கொம்பிரா என்ற பெயர் தப்பியது சனங்கள் இடைவிடாது அதைச் சொன்னமையால். நாம் சொல்லுகின்றோமா? ஆதலால் சங்கத்து இளைஞர் ஒவ்வொருவரும் தத்தம் ஊர்க் கோயிலுக்குச் சென்று, அங்குள்ள முதியோரிடம் கேட்டு, பழைய பெயரையும் வழக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதித் தரவேண்டும் என்று விண்ணப்பிக்கின்றோம். அடுத்த மலரில் அவற்றை வெளியிடலாம்.

இரண்டாவது விண்ணப்பம் இன்னும் எளியது. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு அடியார் கால்நடையாகச் செல்லும் மரபு எங்களுக்கும் உண்டு. சங்கத்தாரும் வருடந்தோறும் யாத்திரை செல்லுகின்றோம். வீட்டுத் திண்ணையில் இருந்து, "எனக்கும் ஒரு கற்பூரம் கொளுத்து, ராசா" என்று சொல்லும் பாட்டிமார் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கின்றனர். இம்முறை புறப்படுமுன் அவர்களுடைய வீடுகளுக்குச் சென்று, நேர்த்தியைக் கேட்டு, காணிக்கையை வாங்கி, பெயரை எழுதி, கொண்டுபோய்ச் சேர்ப்பித்து, விபூதியைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுப்போம். நடுக்கடலில் மிதந்துவந்த பீப்பாவை முகமறியா மீனவன் சுமந்து சென்றான். வாய்பேசா நாயும் கழுத்திலே பையோடு எசமானுக்காக நடந்தது. அடுத்த வீட்டு ஆச்சிக்காக நாம் ஒரு பொட்டலத்தைச் சுமப்பது பெரிய காரியமா?

இதற்கு விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் காரியதரிசி அவர்களிடம் தம் பெயரைக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்ளுகின்றோம். எங்கள் அறுவர் பெயரும் முன்னரே எழுதப்பட்டுவிட்டன.